மழை தொடங்கினா டிஸ்ப்ளே வரல்ல, வேலைக்கு நடுவுல நீலத்திரை: ரேமா, போர்டா?

கேள்வி: குளச்சல் டிடிபி

எல்லாருக்கும் வணக்கம். கடை குளச்சல்ல, கடற்கரைக்குப் பக்கம். டிடிபி, டேலி ரெண்டும் ஒரே டெஸ்க்டாப்புலதான் ஓடுது. ஐ5 10400 பிராசஸர், பி460 போர்டு, நாலு ரேம் ஸ்லாட், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), விண்டோஸ் 11. முதல்ல இருந்தது 8 ஜிபி டிடிஆர்4 2400. அப்புறம் வேற கம்பெனி 8 ஜிபி 3200 ஒண்ணு வாங்கிச் சேர்த்தேன்.

தொல்லை ரெண்டு விதமா வருது. காலையில ஆன் பண்ணினா ஃபேன் சுத்தும், டிஸ்ப்ளே வராது. போர்டுல டிரேம்னு எழுதின இடத்துல சின்ன லைட் எரியும். ரேமைக் கழற்றி அழிரப்பரால தேய்ச்சு மாட்டினா வந்துரும், கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே கதை. ஆனி, ஆடி மழையில இது ரொம்ப அதிகம். ரெண்டாவது, ஓடிக்கிட்டு இருக்கும்போதே நீலத்திரை. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, இன்னொரு தடவை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், சில நேரம் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. பெரிய ஜிப் ஃபைலைப் பிரிச்சா சிஆர்சி எரர் (டேட்டா மாறியிருக்குங்கிற எச்சரிக்கை) காட்டுது. அதே ஃபைல் வேற மெஷின்ல ஒழுங்கா பிரியுது.

ஒருத்தர் ஃபார்மட் பண்ணினா சரியாகும்னு சொல்றாரு. இன்னொருத்தர் போர்டு போயிட்டுதுன்னு சொல்றாரு. காசு செலவு பண்றதுக்கு முன்னால நானே என்னென்ன பார்க்கலாம்?

பதில்: நாஞ்சில் சர்வீஸ்

ஃபார்மட் இப்ப வேண்டவே வேண்டாம். நீங்க எழுதினதுல முக்கியமான துப்பு அந்த ஜிப் ஃபைல்தான். அதே ஃபைல் வேற மெஷின்ல பிரியுதுன்னா ஃபைல் நல்லாத்தான் இருக்கு, உங்க மெஷின் அதைப் படிக்கிற வழியில பிட் மாறுது. ஹார்ட் டிஸ்க்கும் கேபிளும்கூட இதைச் செய்யும். ஆனா நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல வர்றதைச் சேர்த்துப் பார்த்தா முதல் சந்தேகம் மெமரி மேலதான். டிரைவர் கோளாறுன்னா பெரும்பாலும் ஒரே பேரும் ஒரே ஃபைலும் திரும்பத் திரும்ப வரும்.

கெட்ட ரேமை வச்சுக்கிட்டு விண்டோஸ் போட்டா, காப்பி ஆகிற ஃபைலெல்லாம் அந்த ரேம் வழியாத்தான் டிஸ்க்குக்குப் போகும். புது விண்டோஸ் முதல் நாள்லயே பழுதோட உட்காரும். அப்டேட்டும் செக்டிஸ்க்கும் (டிஸ்க் பிழையைப் பார்க்கிற விண்டோஸ் கருவி) அப்படியே. இப்ப ஓட்டாதீங்க.

டேலி டேட்டாவுக்கு பேக்கப் எடுங்க, ஆனா பழைய பேக்கப் மேல எழுதிராதீங்க. புது ஃபோல்டர், முடிஞ்சா புது பென்டிரைவ். இப்ப எடுக்கிற காப்பியிலயே பிழை இருக்க வாய்ப்பு உண்டு. நல்லா இருந்த காலத்து பேக்கப்தான் உங்க கையில இருக்கிற ஒரே சாட்சி.

இனி சோதனை. உங்களுக்கு இருக்கிறது ஒரு கோளாறா ரெண்டு கோளாறான்னு இன்னும் தெரியாது. காலையில டிஸ்ப்ளே வராம, கழற்றி மாட்டினா வர்றது காண்டாக்ட் பிரச்சினையோட குணம். ஓடும்போது விழுறது சிப் பழுதாவும் இருக்கலாம், ரெண்டு வேகத்து ரேம் ஒத்துப்போகாததாவும் இருக்கலாம். அதனால ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரேமையும் ஸ்லாட்டையும் பயாஸையும் (போர்டோட அடிப்படை செட்டிங்) ஒரே நாள்ல மாத்திட்டா எது சரி பண்ணிச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியாது.

சுவிட்சை அணைச்சு பிளக்கையும் உருவிருங்க. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க, கெபாசிட்டர்ல மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கட்டும். பிளக் செருகி இருந்தா மெஷின் ஆஃப்ல இருந்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போர்டுல இருந்துக்கிட்டே இருக்கும். ரேமைத் தொடுறதுக்கு முன்னால கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்குங்க.

பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதிக வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. உங்க பிராசஸருக்கு மெமரி வேகம் 2666 வரைக்கும்தான், 3200 ரேம் போட்டாலும் அதுக்கு மேல ஓடாது. பக்கத்துல 2400 ரேம் இருந்தா ரெண்டும் 2400லதான் ஓடும்.

அப்புறம் ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டுங்க. நாலு ஸ்லாட் போர்டுல பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட், போர்டுல ஏ2ன்னு எழுதியிருக்கும். ரெண்டு ரேம் போடும்போது ரெண்டாவதும் நாலாவதும் (பி2). அனேகம் போர்டுல சிக்னல் வழி கடைசி ஸ்லாட்டை நோக்கிப் போகும், அதனால முன் ஸ்லாட்டுல மட்டும் மாட்டினா வழியோட மிச்ச நுனியில சிக்னல் எதிரொலிக்கும். உங்க போர்டு மேனுவலையும் ஒருக்கா பாத்துக்குங்க.

ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை இறக்கி பென்டிரைவ்ல எழுதுங்க, டிரைவ்ல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும். இலவசப் பதிப்பு நாலு பாஸ் (முழுச் சுற்று) வரைக்கும் ஓடும், அது போதும். மெம்டெஸ்ட்86 பிளஸ் வேற ஆளுங்க செய்தது, முழுக்க இலவசம், அதுவும் நல்லதுதான். சில பதிப்புக்கு செக்யூர் பூட்டை ஆஃப் பண்ண வேண்டி வரும். விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) ஆன்ல இருந்தா அதுக்கு முன்னாடியே ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்குங்க, இல்லேன்னா திரும்ப பூட் ஆகும்போது அது கேட்கும், நீங்க மாட்டிக்குவீங்க.

8 ஜிபிக்கு நாலு பாஸ் முடிய சில மணி நேரம் ஆகும். யுபிஎஸ்ல வச்சு ஓட்டுங்க, நடுவுல கரண்ட் போனா முதல்ல இருந்து தொடங்கணும். இந்த சோதனையில பிழைக்குச் சலுகை கிடையாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏதோ தப்பு. ஒரு விதிவிலக்கு, மெம்டெஸ்ட்86ல 13ஆம் டெஸ்ட். அது மெமரியில ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து, பக்கத்து வரிசையோட சார்ஜ் கசியுதான்னு பார்க்குது. அதுல மட்டும் பிழை வந்து மத்ததெல்லாம் சுத்தமா இருந்தா சாதாரண வேலைக்கு உடனே ரேமை மாத்த வேண்டியதில்ல.

பழைய ரேம் ஏ2ல, புது ரேம் ஏ2ல, அப்புறம் சுத்தமா வந்த ரேம் பி2ல. பிழை ரேமோட கூடவே போனா ரேம் பழுது. எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டுல வந்தா ஸ்லாட், பிராசஸர் சாக்கெட் பின், இல்லேன்னா பிராசஸருக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலர். தனித்தனியா சுத்தம், சேர்த்துப் போட்டாத்தான் பிழைன்னா ஒத்துப்போகாத ஜோடி. அதுக்கு 2133க்கு வேகத்தைக் குறைச்சு ஓட்டிப் பாருங்க.

பிழை வந்த அட்ரஸையும் போட்டோ எடுத்து வைங்க. ஒரே ரேமை ஒரே ஸ்லாட்டுல வச்சு ஓட்டும்போது திரும்பத் திரும்ப அதே அட்ரஸ்னா சிப்புக்குள்ள ஒரு செல் செத்திருக்கு. தடவைக்குத் தடவை வேற வேற இடம்னா காண்டாக்ட், சூடு, பவர் பக்கம் பாக்கணும்.

விண்டோஸ் கூடவே வர்ற மெமரி டயக்னாஸ்டிக்கைப் பத்தி ஒரு வார்த்தை. அது பிழை காட்டினா நம்பலாம். ஒண்ணும் இல்லேன்னு சொன்னா நம்பாதீங்க.

பதில்: தக்கலை எலெக்ட்ரானிக்ஸ்

மேல சொன்ன முறை சரி. அந்த அழிரப்பர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், நம்ம கடலோரத்துல அது பெரிய விஷயம்.

ரேமோட விளிம்புல மினுங்குற தங்கப் பூச்சு ஒரு மைக்ரானைவிட மெல்லிசு. அதுக்கு அடியில நிக்கல், அதுக்கும் அடியில செம்பு. அழிரப்பர் போட்டுத் தேய்க்கும்போது அழுக்கோட தங்கமும் கொஞ்சம் கொஞ்சமா போகுது. பேனா மை அழிக்கிற சொரசொரப்பான பாதி இருக்கே, அது உப்புத்தாள் மாதிரி, கிட்டயே கொண்டு போகக்கூடாது. வெள்ளை மெதுரப்பர்கூட மேல ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும். தங்கம் தேய்ஞ்ச இடத்துல உப்புக்காத்து பட்டா செம்பு பச்சை பிடிக்கும். ஒவ்வொரு தடவை தேய்க்கிறப்பவும் அடுத்த கோளாறு சீக்கிரமா வர்றதுக்கு நீங்களே வழி பண்ணிக் கொடுக்கிறீங்க.

ரேமை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, போன் கேமராவை ஜூம் பண்ணி ஒரு படம் எடுங்க. ஒவ்வொரு விரலும் (விளிம்புல வரிசையா இருக்கிற தங்கப் பட்டை) ஒரே மஞ்சளா, ஸ்லாட் பின் உரசின கோடு நடுவுல நேரா தெரியணும். கறுப்புப் புள்ளி, பச்சை ஓரம், வெள்ளைப் பூப்பு, விரலுக்கு நடுவுல சாம்பல் நிறம் தெரியுதான்னு பாருங்க. சாம்பல்னா நிக்கல் வெளிய வந்துட்டுது. டிடிஆர்4ல ரெண்டு பக்கமும் சேர்த்து 288 காண்டாக்ட். அதுல ஒரு டேட்டா லைன் தடுமாறினாலே ஆன் ஆகும்போது நடக்கிற மெமரி டிரெயினிங் (போர்டு ரேமோட சிக்னலைச் சரிபண்ணிக்கிறது) தோத்துப்போயி அந்த லைட் எரியும். கழற்றி மாட்டுறப்ப உரசல்ல படலம் கிழியும், அதனால கொஞ்ச நாள் ஓடுது.

சுத்தம் பண்றதுக்கு எல்லாரும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் சொல்லுவாங்க. எண்ணெய்க்கும் விரல் ரேகைக்கும் அது நல்லது. ஆனா 99 சதவீத ஆல்கஹால்ல உப்பு அனேகமா கரையாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் மெஷின்ல படியிறதே உப்புதான். அதனால முதல்ல நூல் உதிராத துணியில டிஸ்டில்டு வாட்டர் லேசா நனைச்சு, சொட்டக்கூடாது, ரேம் விளிம்பை மட்டும் ஒரே திசையில துடையுங்க. பேட்டரிக் கடையில கிடைக்கிற அதே தண்ணிதான். குழாய்த் தண்ணி வேண்டாம், அதுலயும் உப்பு இருக்கு. அப்புறம் ஆல்கஹாலால துடைச்சா மிச்ச ஈரத்தையும் அது இழுத்துக்கும். அரை மணி நேரம் காய விடுங்க. ஹேண்ட் சானிட்டைசர் போடவே போடாதீங்க, கிளிசரின் இருக்கும், பிசுபிசுன்னு ஒட்டும்.

ஸ்லாட்டுக்குள்ள தண்ணி, துணி, அட்டை எதுவும் போகக்கூடாது. உள்ள இருக்கிறது ஸ்பிரிங் பின், ஒண்ணு வளைஞ்சா போர்டு வேலை வந்துரும். மெத்துன்னு ஒரு நைலான் பிரஷ், அப்புறம் புளோயர், தேவைப்பட்டா எலெக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. கதவு கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே ஆகாது. டார்ச் அடிச்சுப் பார்த்தா பின்கள் ஒரே வரிசையில நிக்கணும். எறும்புக்கூடும் பல்லி எச்சமும் ஸ்லாட்டுல அடைஞ்சு கிடக்கிறது நம்ம ஊர்ல சாதாரணம்.

மாட்டும்போது ரெண்டு முனையையும் மாறி மாறி அழுத்துங்க. டிடிஆர்4 விளிம்பு நேர்க்கோடு கிடையாது, நடுவுல லேசா புடைச்சிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் இருக்கிற போர்டுல, கிளிப் இல்லாத முனை முழுசா இறங்காமலே இந்தப் பக்கம் கிளிக் சத்தம் கேட்டுரும். பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க, ரேமோட விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையா நிக்கணும்.

மழையில ஏன் கூடுதுன்னா, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்புத்தூள் தானாவே தண்ணியை இழுத்துக் கசியத் தொடங்கும். மெஷின் ஓடும்போது உள்ள சூடு இருக்கிறதால ஈரப்பதம் குறையும். ராத்திரி முழுக்க அணைஞ்சு குளிர்ந்து கிடக்கும்போதுதான் படலம் நனையும், காலையில டிஸ்ப்ளே வராது. நமக்கு தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. அதனால வருஷத்துல பாதி நாள் இந்த நிலைதான். கடல் பார்த்த ஜன்னல் பக்கத்துல இருந்து மெஷினை உள்சுவருக்கு மாத்துங்க. மழைக்காலத்துல லீவு நாள்லயும் ஒரு மணி நேரம் ஓட விடுங்க. சிலிக்கா ஜெல் பொட்டலம் கேபினட்டுக்குள்ள போட்டு பிரயோஜனம் இல்ல, காத்து ஓடுற பெட்டியில அது சீக்கிரமே நிறைஞ்சிரும்.

பதில்: மார்த்தாண்டம் 629165

நடுவுல ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன் அண்ணே. என் மெஷின்ல 16 ஜிபி போட்டிருக்கு, டாஸ்க் மேனேஜர்ல 16 காட்டுது. ஆனா யூசபிள் (பயன்படுத்த முடியிறது) 8க்குக் கொஞ்சம் கீழ. ரேம் போயிட்டுதுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: நாஞ்சில் சர்வீஸ்

இல்ல தம்பி, அவசரப்படாதீங்க. முதல்ல சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து பூட் பகுதியில அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குப் போங்க. மேக்சிமம் மெமரின்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல டிக் இருந்தா எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. வேகம் கூடும்னு யாரோ சொல்லி அதை டிக் பண்ணி வச்சிருப்பாங்க. அங்க இல்லேன்னா பயாஸ்ல எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. பயாஸ்லயும் பாதிதான்னா ரேமை இடம் மாத்திப் பாருங்க. எந்த ரேம் போட்டாலும் ஒரு சேனல் (பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவுல உள்ள ரெண்டு வழியில ஒண்ணு) தெரியலன்னா, கடைசியா கூலர் கழற்றி மாட்டினது எப்பன்னு யோசியுங்க. ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ இறுகி இருந்தா பிராசஸர் சாக்கெட்டுல சரியா அழுந்தாது, ஒரு சேனல் மறைஞ்சு போகும். கூலரையும் பிராசஸரையும் கழற்றி, சாக்கெட் பின் வளைஞ்சிருக்கான்னு பார்த்து, நாலு மூலையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

பதில்: வடசேரி வயரிங்

பவர் பக்கத்தை யாரும் இன்னும் தொடல்ல. ரேமுக்குப் போற 1.2 வோல்ட்டை போர்டு தயார் பண்ணுது, ஆனா அது எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற கரண்ட்டை நம்பித்தான் இருக்கு. மெஷின் ஓடும்போது எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற, பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாட்டுற பெரிய நாலு பின் கனெக்டர்ல மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவுல 11.4ல இருந்து 12.6, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல 4.75ல இருந்து 5.25. எல்லைக்குள்ள இருக்கு, ஆனா லோடு ஏறும்போது ஆடுதுன்னாலும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படலாம். மீட்டர் காட்டாத ரிப்பிளும் (வோல்ட்டேஜ்ல வேகமா வர்ற சின்ன ஏற்ற இறக்கம்) உண்டு. அதனால நல்லா இருக்கிற வேற எஸ்எம்பிஎஸ் போட்டு ஒருக்கா மெம்டெஸ்ட் ஓட்டினா உறுதியாத் தெரியும்.

எர்த்தையும் பாத்துருங்க, ஆனா எலெக்ட்ரீஷியனை வச்சு. கடலோரத்துல எர்த் கம்பி மண்ணுக்குள்ளயே அரிச்சுப்போயி, பிளக் பாயின்ட்ல பேருக்கு ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குதுன்னா இதைத் தள்ளிப்போடாதீங்க. மெஷினுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் ஆபத்து.

பதில்: குளச்சல் டிடிபி

ரொம்ப நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். பழைய 2400 ரேம் ஏ2லயும் பி2லயும் பிழை காட்டுது, அட்ரஸும் அதேதான். புது 3200 ரேம் ரெண்டு ஸ்லாட்லயும் நாலு பாஸும் சுத்தம். பழைய ரேம்ல விளிம்பு நடுவுல நாலஞ்சு விரல் சாம்பல் நிறமாத் தெரியுது. எஸ்எம்பிஎஸ் அளவு எல்லைக்குள்ளதான், லோடுலயும் ஆடல்ல. எர்த் பாக்க ஆள் சொல்லியிருக்கேன். இப்ப புது ரேம் மட்டும் ஏ2ல ஓடுது. இதே 3200ல இன்னும் ஒரு 8 ஜிபி வாங்கிச் சேர்த்துரலாமா? விண்டோஸையும் டேலியையும் என்ன பண்றது?

பதில்: நாஞ்சில் சர்வீஸ்

அப்ப தெளிவாயிட்டுது. நீலத்திரைக்கும் சிஆர்சிக்கும் காரணம் பழைய ரேம்ல செத்த செல். காலையில டிஸ்ப்ளே வராததுக்குத் தேய்ஞ்ச விளிம்பு. போர்டு நல்லா இருக்கு, அதைத் தொட வேண்டாம். ஒண்ணு மட்டும், புது ரேமோட சில ஈரமான காலையைப் பாத்துட்டு அடுத்ததை வாங்குங்க. அப்பவும் லைட் எரிஞ்சா ஸ்லாட்டை இன்னும் கவனிக்கணும்.

வாங்கும்போது இப்ப இருக்கிறதோட பார்ட் நம்பர் அப்படியே கிடைச்சா அதுதான் நல்லது. ஒரே பேர்ல வர்ற ரேம்லகூட உள்ள இருக்கிற சிப் மாறும், பார்ட் நம்பர் ஒத்திருந்தா ஓரளவு நம்பலாம். கிடைக்கலேன்னா 8, 8 ஜோடியா ஒரே பாக்கெட்டுல வர்றதை எடுங்க. டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எம்பி இல்லாத சாதாரண 2666 போதும், உங்க பிராசஸருக்கு மேல் வேகம் வீண். சேர்த்த பிறகு ரெண்டையும் ஒண்ணா வச்சு மெம்டெஸ்ட் மறுபடியும் ஓட்டணும். தனியா சுத்தமா வந்தது ஜோடியா சுத்தம்னு அர்த்தம் இல்ல.

விண்டோஸுக்கு, நல்ல ரேம் மட்டும் இருக்கும்போது, முதல்ல டிஸ்க்குக்கு செக்டிஸ்க். அப்புறம் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிஞ்ச பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். ரெண்டும் விண்டோஸ் ஃபைலைப் பழுது பார்க்கிற கமாண்ட். டிஸ்ம் எடுத்துக் கொடுக்கிற நல்ல காப்பியை வச்சுத்தான் எஸ்எஃப்சி சரி பண்ணும், அதனால இந்த வரிசை மாறக்கூடாது. எஸ்எஃப்சி சரி பண்ண முடியலன்னு சொன்னா அப்பதான் ஃபார்மட். இதுக்கெல்லாம் முன்னாடி ஷட்டவுன் பண்ணாம ரீஸ்டார்ட் குடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன்ல கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி) நிலைமை அப்படியே டிஸ்க்குல சேமிச்சு மறுபடி ஏறும்.

டேலியில டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, டேட்டா மெனுவுல இருக்கிற ரிப்பேரை ஓட்டுங்க. அது ஃபைலோட கட்டமைப்பைத்தான் சரி பண்ணும். ஒரு தொகையில இலக்கம் மாறியிருந்தா அதுக்குத் தெரியாது. அதனால பழைய நல்ல பேக்கப்பை வேற ஃபோல்டர்ல ரீஸ்டோர் பண்ணி, அந்தத் தேதி வரைக்கும் டிரையல் பேலன்ஸை ரெண்டுலயும் ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்குப் பிறகு உள்ள மாசங்களைத் தாக்கல் செய்த ஜிஎஸ்டி கணக்கோடயும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடயும் ஒத்துப் பாக்கணும். கோரல்டிரா ஃபைல்ல முக்கியமானதை ஒவ்வொண்ணா திறந்து பாருங்க, திறக்காததை எழுதி வைங்க.

பழைய ரேமைத் தூக்கிப் போட்டுராதீங்க. ரேமுக்கு நிறைய கம்பெனி பல வருஷ வாரண்டி தருது. பில்லைத் தேடி எடுங்க, மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் கிழிக்காதீங்க, மெம்டெஸ்ட் பிழை காட்டின போட்டோவையும் சேர்த்து அனுப்புங்க. விளிம்பு தேய்ஞ்சிருக்கிறதைக் காட்டி மறுக்கவும் செய்யலாம், ஆனா செல் பழுது வேற, விளிம்பு வேற. போட்டோவுல பிழை அட்ரஸ் தெளிவா இருந்தா உங்களுக்குப் பேச இடம் இருக்கு.